ஏழாயிரம் படியும் ஏழாவது மலையும்

அன்புள்ள அண்ணா,

வணக்கம். சொந்த ஊர் கோபி. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். நீங்களும் கேம் ஆடுவீர்கள் என்று முன்பு ஒரு பதிலில் எழுதியிருந்ததால் இதைக் கேட்கத் துணிந்தேன். கொஞ்ச நாளாக ஸ்கைரிம் என்ற கம்ப்யூட்டர் கேமில் சர்வைவல் மாட்கள் (கேமின் விதிகளை மாற்றும் சேர்ப்புகள்) போட்டு ஆடுகிறேன். குளிர், பசி, தூக்கம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ரூமில் இருப்பவர்கள், "பகல் பூரா கம்பெனியில வேலை, ராத்திரி வந்து விறகு வெட்டறயா?" என்று சிரிக்கிறார்கள். ஊருக்குப் போனால் அம்மா, "ஏஞ்சாமி, அந்தப் பொம்மைக்குச் சோறு போடறதெல்லாம் இருக்கட்டும், நீ தின்னயா?" என்கிறார். எனக்கும் பல சமயம் எரிச்சலாகத்தான் இருக்கிறது. ஆனால் விடவும் முடியவில்லை. பொழுதுபோக்கில் எதற்கு இந்த வம்பு? எந்த மாடை (mod) வைத்துக்கொள்ளலாம்? இன்னொன்று, வரும் சீசனில் நண்பர்களோடு முதல் தடவையாகக் கோவைப் பக்கம் ஏழு மலை தாண்டும் வெள்ளியங்கிரி ஏறப்போகிறேன். இதையெல்லாம் ஆடியது அங்கே ஏதாவது உதவுமா?

ச., கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள ச.,

அம்மாவின் கேள்விக்கு மட்டும் சிரித்தேன். மற்றதெல்லாம் நியாயமான கேள்விகள்தான்.

எரிச்சலாகவும் இருக்கிறது, விடவும் முடியவில்லை என்கிறீர்கள். இரண்டுக்கும் காரணம் வேறு வேறு என்று நினைக்கிறேன். எரிச்சலைத் தருவது பசி. விடாமல் பிடித்து வைத்திருப்பது குளிர்.

பசியை முதலில் முடித்துவிடுவோம். ஸ்கைரிமில் சாப்பாட்டுக்குப் பஞ்சமே கிடையாது. எந்த வீட்டுப் பீப்பாயைத் திறந்தாலும் ஆப்பிளோ முட்டைக்கோஸோ கிடக்கும். கொள்ளைக்காரன் குகையில்கூட மேசை நிறையப் பாலாடைக்கட்டி. உணவைத் தேடி அலைய வேண்டியதில்லை என்றால், பசி என்பது அவ்வப்போது பையைத் திறந்து ஒரு பட்டனை அமுக்கும் வேலைதான். போதாததற்கு அந்த உலகத்தின் கடிகாரம் நம்முடையதைப் போல இருபது மடங்கு வேகத்தில் ஓடுகிறது. நம்முடைய 72 நிமிடத்தில் அங்கே ஒரு நாள் முடிந்துவிடும். அதற்குள் மூன்று வேளைச் சோறு, ஒரு தூக்கம். யாருக்குத்தான் சலிக்காது? டைம்ஸ்கேல் என்கிற அந்த வேக அளவை 20இலிருந்து 10க்குக் குறைத்துப் பாருங்கள், பாதி எரிச்சல் போய்விடும்.

குளிர் அப்படி இல்லை. 2011 நவம்பரில் வந்த அந்த கேமில் பனியை எவ்வளவு அழகாக வரைந்திருக்கிறார்கள்! ஆனால் அசல் கேமில் அந்தப் பனி ஒன்றும் செய்யாது. வடக்கே பனிப்பாறை மிதக்கும் கடலில் வெற்றுடம்போடு நாள் முழுக்க நீந்திவிட்டு, கரையேறி நேரே சண்டைக்குப் போகலாம். செஸ்கோ என்ற பெயரில் இயங்கிய மாட் எழுத்தாளர் ஃப்ராஸ்ட்ஃபால் என்ற தன் மாடில் கை வைத்தது இந்த இடத்தில்தான். அதில் உடை எவ்வளவு கதகதப்பு தருகிறது என்பது ஒரு கணக்கு, மழையை எவ்வளவு தடுக்கிறது என்பது தனிக் கணக்கு. எல்லாவற்றுக்கும் மேலே ஈரம். நனைந்துவிட்டால் குளிர் பல மடங்கு வேகமாக ஏறும். தீ மூட்டி, அதன் பக்கத்தில் நின்று காய்ந்த பிறகுதான் கிளம்ப முடியும். அதனால் ஓர் ஓடையைக் கடப்பதற்கு முன்னால்கூட யோசிக்கிறோம். பாலம் எங்கே, பொழுது சாயுமுன் அக்கரை போய்விடலாமா, விறகு இருக்கிறதா?

கேமில் வரும் ஐவர்ஸ்டெட் கிராமத்தில் கிளிமெக் என்று ஒருவர் இருப்பார், ஞாபகம் இருக்கிறதா? மலை உச்சி மடத்தில் இருக்கும் பெரியவர்களுக்குக் கருவாடு, உப்புக்கண்டம் மாதிரிக் கெடாத பண்டங்களைக் கொண்டுபோய்க் கொடுப்பவர். இந்தத் தடவை நீ கொண்டுபோய் வைத்துவிடுகிறாயா என்று நம்மிடம் கேட்பார். அசல் கேமில் அது ஒரு எடுபிடி வேலை. மடத்துக்கு ஏறும் அந்த வழிக்கு ஏழாயிரம் படி என்று பெயர்தான் பெரிது, எண்ணினால் ஆயிரத்தைத் தொடாது. பத்து நிமிட ஓட்டம், நடுவில் பனி ட்ரோல் என்று ஒரு ராட்சத மிருகம், பையை வைத்தோமா வந்தோமா என்று முடிந்துவிடும். குளிரைப் போட்டுக்கொண்டு அதே படியில் ஏறுங்கள். கீழேயே தோலாடை தேட வேண்டும், விடியற்காலையில் கிளம்ப வேண்டும், பாதி வழியில் பனிப்புயல் பிடித்தால் பாறை மறைவில் கூடாரம் அடிக்க வேண்டும். அப்போதுதான் கிளிமெக் ஏன் தயங்குகிறார் என்று புரியும். அந்த ஆளின் வசனத்தில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. மலை மட்டும்தான் மாறியிருக்கிறது.

எனக்கு இந்த மாட்கள் பிடிப்பதற்குக் காரணம் இதுதான். கேமைக் கடினமாக்க வேண்டுமென்றால் எதிரியின் பலத்தைக் கூட்டினால் போதும், அதற்கு மாட் எதற்கு? இவை தூரத்தைத் திருப்பிக் கொடுக்கின்றன. ஃபாஸ்ட் டிராவலில், அதாவது வரைபடத்தில் ஊரைத் தொட்டதும் அங்கே போய் நிற்கும் வசதியில், பண்ணாரியில் கண்ணை மூடி ஆசனூரில் திறக்கிறோம், திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவும் இல்லாமலே போய்விடுகிறது. ஆகவே எந்த மாட் போட்டாலும் ஃபாஸ்ட் டிராவலை முதலில் நிறுத்துங்கள். ஊர்களுக்கு இடையே குதிரை வண்டி இருக்கிறதே, காசு கொடுத்து அதில் போகலாம்.

எதை வைத்துக்கொள்வது? நீங்கள் வைத்திருப்பது ஸ்பெஷல் எடிஷன் என்றால் கேமை உருவாக்கிய பெதஸ்தாவே 2017இல் கொண்டுவந்த சர்வைவல் மோடில் தொடங்குங்கள். 2021இலிருந்து அது இலவசம். குளிர் உயிரையும், பசி தெம்பையும், களைப்பு மந்திர சக்தியையும் குறைக்கும். தூங்கினால்தான் லெவல் ஏறும். அம்புக்கும் எடை உண்டு. சூடான சூப் குளிரைக் குறைக்கும். எளிமையான, கச்சிதமான அமைப்பு. அதில் குளிர் போதவில்லை என்று தோன்றினால் அதை அணைத்துவிட்டு ஃப்ராஸ்ட்ஃபாலும் அதற்குத் தேவையான கேம்ப்ஃபயர் மாடும் போடுங்கள். சர்வைவல் மோடையும் ஃப்ராஸ்ட்ஃபாலையும் சேர்த்து ஓட்டினால் ஒரே குளிரை இரண்டு தடவை அனுபவிப்பீர்கள். நோய், தாகம், குளியல் என்று ஒவ்வொன்றுக்கும் தனி மாட் இருக்கிறது, அந்தப் பக்கம் போகாதீர்கள். போனால் உங்கள் ரூம்மேட்கள் சிரிப்பது நியாயமாகிவிடும்.

வெள்ளியங்கிரிக்கு வருவோம். ஒரு விஷயத்தில் உதவும், ஈரம். அடிவாரத்துப் பூண்டியில் மூங்கில் தடியோடு கிளம்பி முதல் சில மலைகளில் வியர்த்து ஊற்றும். ஆறாவது மலையில் ஆண்டி சுனையில் குளித்துவிட்டு ஏழாவது ஏறுவது வழக்கம். பலரும் ஈர வேட்டியோடு அப்படியே ஏறுவார்கள். அங்கே காற்று சும்மா விடாது. உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்குக் குறைய உறைபனி தேவையில்லை. பத்து டிகிரி, நனைந்த துணி, பலத்த காற்று, களைப்பு இவை சேர்ந்தாலே போதும். குளியுங்கள், ஆனால் நனையாத பையில் ஒரு செட் உலர்ந்த துணியும் ஸ்வெட்டரும் இருக்கட்டும். வழியில் சுக்குக் காபி விற்பார்கள், குடியுங்கள்.

உதவாத இடம் ஒன்றும் உண்டு, அது கொஞ்சம் பெரியது. கேமில் எவ்வளவு குளிர்ந்திருக்கிறீர்கள் என்று திரையே சொல்லும். நிஜத்தில் குளிர் ஏற ஏறப் புத்தி மழுங்கும். விறைத்துக்கொண்டிருப்பவன், "எனக்கு ஒண்ணுமில்லைங்க, நடங்க" என்றுதான் சொல்வான். நடுக்கம், பேச்சுக் குழறல், பட்டன் போட முடியாத விரல், தள்ளாட்டம், இவற்றைப் பக்கத்தில் இருப்பவர்தான் கவனிக்க வேண்டும். தனித்தனியாகச் சிதறாமல் இருவர் இருவராக ஏறுங்கள். அப்புறம், அங்கே போய் விறகு பொறுக்கித் தீ மூட்டும் ஆசை வேண்டாம். அது காப்புக்காடு. கோடைக் காய்ச்சலில் ஒரு பொறி போதும், மலையே பற்றிக்கொள்ளும்.

வனத்துறை வழக்கமாகப் பிப்ரவரியிலிருந்து மே வரைதான் ஏற விடும். இதய நோய், மூச்சிரைப்பு இருப்பவர்கள் ஏற வேண்டாம் என்று அவர்களே கேட்டுக்கொள்கிறார்கள். உங்கள் குழுவில் அப்படி யாராவது இருந்தால் இப்போதே பேசிவிடுங்கள். சிவராத்திரிக் கூட்டத்தைத் தவிர்த்து, ஒரு சாதாரண வார நாளாகப் பார்த்து லீவு கேளுங்கள்.