பத்திரிகையின் பெயர் மறைந்துவிட்டது. படத்தின் உரிமை யாரிடம்?

கேள்வி: அகதியாக வந்த என் அப்பாவைப் பற்றி டென்மார்க்கின் எஸ்பியர்க் நகரின் 'வெஸ்ட்கிஸ்டன்' நாளிதழ் 1988-இல் படத்துடன் செய்தி வெளியிட்டது. எங்கள் குடும்ப நூலில் அதைச் சேர்க்க விரும்புகிறோம். அந்தப் பத்திரிகை இப்போது இல்லை. உரிமை வாங்கித் தருவதாக ஒருவர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு குரோனர்கூடக் கொடுக்காதீர்கள். உங்கள் பத்திரிகை அழியவில்லை. 1991-இல் 'யுட்ஸ்கே டீடெண்டெ'யுடன் இணைந்து 'யுட்ஸ்கே வெஸ்ட்கிஸ்டன்' ஆனது. அது இன்று யூஸ்க் ஃபின்ஸ்கே மீடியர் குழுமத்தின் கையில் இருக்கிறது. நீங்கள் எழுத வேண்டியது அவர்களுக்குத்தான்.

டென்மார்க்கில் எந்த உள்ளூர்ப் பத்திரிகையைத் தேடினாலும் இந்தக் குழப்பம் வரும். ஒரு காலத்தில் பெரிய ஊர்களில் கட்சிக்கு ஒன்றாக நான்கு நாளிதழ்கள் ஓடின. வெஸ்ட்கிஸ்டன் 'வென்ஸ்ட்ரே' கட்சியின் பக்கம் நின்றது. பிறகு பல மூடப்பட்டன, பல இணைந்தன. பெயர்கள் மாறினாலும் உடைமை கைமாறிக்கொண்டே வந்திருக்கிறது. இன்றைய நிறுவனம் எது என்பதை அரசின் நிறுவனப் பதிவேடான சிவிஆரில் இலவசமாகவே பார்க்கலாம். தரகர்கள் காசாக்குவது இந்தத் தகவலைத்தான். பழைய அச்சுப் பிரதியை விற்பவர்களிடமும் எச்சரிக்கை தேவை. காகிதம் உங்களுடையதாகும், மறுபதிப்பு உரிமை அதனுடன் வராது. படத்தில் இருப்பவர் உங்கள் அப்பா என்பதாலும் வராது.

சாதாரணச் செய்திப் படத்துக்கு, எடுத்த ஆண்டின் முடிவிலிருந்து 50 ஆண்டுகள் பாதுகாப்பு உண்டு. உங்கள் படத்துக்கு அது 2038 முடிவு வரை. கட்டுரையின் காலம் இன்னும் நீளமானது, அதற்கும் சேர்த்தே அனுமதி கேளுங்கள்.

இங்கே ஒன்றை மட்டும் நிதானமாகப் பாருங்கள். படத்தின் அடியில் 'ஃபோட்டோ' என்று போட்டு ஒரு பெயர் இருக்கும். அவர் பத்திரிகையின் சம்பள ஊழியர் என்றால் நிறுவனத்திடம் கேட்பது பெரும்பாலும் போதும். தனித்து வேலை செய்தவர் என்றால் உரிமை அவருடையது. அவர் காலமாகியிருந்தால் வாரிசுகளுடையது. நிறுவனம் 'சரி' என்று எழுதிக் கொடுத்தாலும் அந்தச் சரி அவரைக் கட்டுப்படுத்தாது. பெயரே இல்லையென்றால், படம் யாருடையது என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். வாய்மொழிப் பதிலை ஏற்காதீர்கள்.

அசல் பக்கத்தைப் பார்ப்பது பெரும் தொல்லை. அரச நூலகத்தின் 'மீடியஸ்ட்ரீம்' தளத்தில் நூறாண்டு கடந்த இதழ்களே எல்லோருக்கும் திறந்திருக்கின்றன. 1988-ஐப் பார்க்கக் கோபன்ஹேகனிலோ ஆர்ஹுஸிலோ நூலகத்துக்கே போக வேண்டும். இது எனக்குப் பொறுக்கவில்லை. தமிழ் அகதிகளின் குடும்பங்களைச் சேரவிடாமல் தடுத்து, 1993-இல் ஓர் அரசையே பதவி விலக வைத்த 'தமிழர் விவகாரம்' நடந்த காலத்துப் பக்கங்கள் இவை. அந்தச் செய்திகளில் இருந்தவர்கள் இன்று முதியவர்கள். 2088 வரை யார் காத்திருப்பது? முதலில் arkiv.dk தளத்தில் உங்கள் ஊர் ஆவணக்காப்பகத்தைத் தேடுங்கள். கத்தரித்த செய்தி அங்கேயே கிடைக்கக்கூடும்.

மின்னஞ்சலை டேனிஷ் மொழியில் எழுதுங்கள். வெளிவந்த தேதி, பக்க எண், நூலின் படிகள், விற்பனை உண்டா இல்லையா என்பவற்றைக் குறிப்பிட்டு, பக்கத்தின் நகலையும் இணையுங்கள்.