பாம்பன் பாலத்தில் ஆரம்பிக்க வேண்டாம்

கேள்வி: கடல்பாசி எடுக்கும் பெண்களைப் பற்றிப் பத்து நிமிடக் குறும்படம் எடுக்கப் போகிறோம். ட்ரோன் விட்டு, பாம்பன் பாலத்தை மேலிருந்து காட்டி ஆரம்பித்தால் கெத்தாக இருக்கும் என்கிறான் கேமரா பிடிக்கும் தம்பி. செய்யலாமா?
– வாசகி, மண்டபம்

பதில்: வேண்டாம். பாலம் அழகு, அதில் சந்தேகமே இல்லை, ஆனால் அந்த ஷாட்டை யூடியூபில் எல்லோரும் பார்த்தாகிவிட்டது, பார்த்ததுமே 'சரி, ராமேஸ்வரம் டூர் வீடியோ' என்று மனசு முடிவு கட்டிவிடும், அப்புறம் நீங்கள் எவ்வளவு கஷ்டத்தைக் காட்டினாலும் சுற்றுலாவுக்கு நடுவே வந்த காட்சியாகத்தான் போய்ச் சேரும். ஊர் எது என்று சொல்வது வேறு, இந்தப் படத்தை எந்த மனசோடு பார்க்க வேண்டும் என்று சொல்வது வேறு. ஆரம்பக் காட்சிக்கு இரண்டாவதுதான் முக்கியமான வேலை.

1954-இல் எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டு இல்லாமல் தமிழ்ப் படமே இல்லை என்றிருந்த காலத்தில், துப்பாக்கிச் சத்தத்தோடு தொடங்கி, சிவாஜியை முதலிலேயே பிணமாகக் கிடத்திவிடுகிறார். பாட்டை எதிர்பார்க்காதே, யார் சுட்டது என்று மட்டும் யோசி என்று தனியாகச் சொல்லவே வேண்டியதில்லை.

நம் கரைக்கு நெருக்கமான உதாரணம், 2002-இல் மணிரத்னம் எடுத்த 'கன்னத்தில் முத்தமிட்டால்'. இலங்கையின் மாங்குளத்தில் ஒரு கல்யாணத்தில் ஆரம்பிக்கிறது. கொஞ்ச நேரத்தில் போர், கணவனைப் பிரிந்த கர்ப்பிணிப் பெண் அகதிகளோடு படகேறி ராமேஸ்வரம் வருகிறாள், பிள்ளை பிறக்கிறது. அப்புறம் அந்தப் பிள்ளையே சிறுமியாகச் சென்னையில் செய்யும் சேட்டை, சிரிப்பு. நம்மால்தான் முழுசாகச் சிரிக்க முடிவதில்லை, அவளுக்குத் தெரியாத ஒன்று நமக்குத் தெரிந்துவிட்டதே. படகுகளில் அகதிகள் வந்திறங்கியதைக் கண்ணால் பார்த்த மண்டபத்துக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

உங்கள் படத்துக்கு நான் ஆசைப்படுவது இதுதான்: கடலில் இறங்கும் முன் அந்தப் பெண்கள் விரல்களில் துணி சுற்றிக் கட்டுகிறார்களே, அதை மட்டும் ரொம்பக் கிட்டத்தில் காட்டுங்கள். முகம் வேண்டாம், பின்னணி இசையும் வேண்டாம். எதற்குக் கட்டுகிறார்கள் என்று பார்ப்பவரே யோசிக்கட்டும், பாறையில் கை கிழிவது பின்னால் தெரியவரும்போது அந்த வலி அவருக்கும் வரும். 1975-இல் வந்த 'ஜாஸ்' படத்தின் முதல் காட்சியில் சுறாவே கண்ணில் படாது, ராத்திரிக் கடலில் நீந்தும் பெண்ணைக் கீழிருந்து ஏதோ இழுக்கும், அவ்வளவுதான், அதற்குப் பிறகு அமைதியான தண்ணீரைக் கண்டாலும் பயமாக இருக்கும். காட்டாமல் வைத்திருப்பதற்கு அவ்வளவு பலம் உண்டு. அலைச் சத்தத்தை இணையத்திலிருந்து எடுத்துப் போடாதீர்கள். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் மன்னார் வளைகுடாப் பக்கத்துத் தென்கடல் எப்படி இரையும், அதே நேரம் பாக் விரிகுடாப் பக்கத்து வடகடல் எப்படிப் படுத்துக் கிடக்கும் என்பது உங்களுக்கே தெரியும். எந்தக் கடலில் எடுக்கிறீர்களோ அந்தக் கடலின் சத்தத்தையே பதிவு செய்யுங்கள்.

கேள்வி: 'சூப்பர் ஸ்டார்' என்று எழுத்து எழுத்தாக மின்னி வரும் ரஜினி டைட்டில் கார்டு எந்தப் படத்தில் தொடங்கியது?
– வாசகர், தொண்டி

பதில்: 'அண்ணாமலை', 1992. இசை தேவா. கதை என்னவென்று தெரியும் முன்பே தியேட்டரைத் திருவிழாவாக்கிவிடும். அதனாலேயே நிதானமான, சோகமான கதைக்கு அதைப் போட்டால் அந்த ஆரவாரம் அடங்கவே நேரமாகும்.

கேள்வி: டைட்டிலைத் தாண்டிப்போகத்தான் இப்போது பட்டன் இருக்கிறதே, தொடர்களுக்கு இனி டைட்டில் எதற்கு?
– வாசகர், கீழக்கரை

பதில்: நெட்ஃபிளிக்ஸ் அந்தப் பட்டனைக் கொண்டுவந்தது 2017-இல். அதற்கு முன்னால் 'மெட்டி ஒலி' டைட்டில் பாட்டு கேட்டதும் அடுப்படியில் இருந்தவர்கள் கூடத்துக்கு வந்தார்கள், ஐந்து பெண்களைக் கட்டிக்கொடுக்கும் அப்பாவின் கதைக்குள் அந்தப் பாட்டு அவர்களைக் கொண்டுபோய் உட்கார வைத்தது. தூர்தர்ஷனில் வந்த 'மால்குடி டேஸ்' இன்னும் ஒரு படி மேல். ஆர்.கே. லட்சுமணின் கோட்டோவியங்களும் எல். வைத்தியநாதனின் அந்தச் சின்ன ராகமும் சேர்ந்து, இங்கே யாரும் அவசரப்பட மாட்டார்கள் என்று சொல்லிவிடும். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' டைட்டிலில் ஒரு வரைபடம் வருமே, அந்த எபிசோடின் கதை போகும் இடங்களுக்கேற்ப அது மாறும், தாண்டிப்போனவருக்கு அது கிடைக்காது. தாண்டிவிடுவார்களே என்று பயந்து சில வினாடிகளில் பெயரை மட்டும் போட்டு முடிக்கும் தொடர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது, எத்தனையோ கலைஞர்களுக்கு அங்கே வேலை இருந்தது. தினமும் பார்க்கச் சொல்லவில்லை, முதல் எபிசோடில் மட்டும் அந்தப் பட்டனை அழுத்தாதீர்கள்.