அப்பாவைத் தடுக்காதீர்கள், கூடப் போங்கள்

கேள்வி: என் அப்பா ராணுவத்தில் கோவேறு கழுதைகளைப் பராமரிக்கும் பிரிவில் இருந்து, ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். 1999 கார்கில் போரில் திராஸ் பகுதியில் இருந்தார். ஓராண்டாக, மீட்கப்பட்ட குதிரைகளின் காப்பகம் ஒன்றுக்கு வாரம் மூன்று நாள் சம்பளமில்லாமல் போய் லத்தி அள்ளுகிறார். என் மாமனார் வீட்டில் கேலி பேசுகிறார்கள். போன மாதம் குதிரை உதைத்துத் தொடை கன்றிவிட்டது. வீட்டில் அதிகம் பேசமாட்டார். அங்கே போய்வரும் நாட்களில் மட்டும் கூடத்து விளக்கை அணைத்துவிட்டுத் தூங்குகிறார். கரன்ட் பில் குறைந்ததுதான் லாபம். இதை எப்படி நிறுத்துவது?
– கோவை வாசகர்

பதில்: போய்வரும் நாட்களில் மட்டும் விளக்கை அணைக்கிறார் என்றால், மற்ற இரவுகளிலெல்லாம் அது எரிகிறது. எத்தனை ஆண்டுகளாக எரிகிறது, ஏன் எரிகிறது என்று நீங்களோ உங்கள் அம்மாவோ ஒரு முறையாவது அவரிடம் கேட்டிருக்கிறீர்களா? கேட்டிருந்தால் அதைத்தான் எழுதியிருப்பீர்கள். இருட்டில் படுக்க முடியாத ஒரு மனிதரை இத்தனை காலம் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மின் கட்டணத்தை மட்டும் கணக்குப் பார்த்திருக்கிறீர்கள் என்பது எனக்குக் கோபத்தைத் தருகிறது.

கார்கிலில் வண்டி ஏறாத சரிவுகளில் வெடிமருந்தும் உணவும் கோவேறு கழுதைகளின் முதுகிலும் போயின. குண்டு விழுந்துகொண்டிருந்த மலைகளில் அந்த விலங்குகளைப் பிடித்துக்கொண்டு நடந்தவர்கள் எதையெதைப் பார்த்தார்கள் என்பதை வீட்டில் யாரும் கேட்காவிட்டால் அவர்களாகச் சொல்வதில்லை.

காப்பகத்தில் அவர் செய்வது லத்தி அள்ளுவது மட்டும்தான் என்று நினைக்கிறீர்கள். அடிபட்டு வந்த குதிரை, கை ஓங்கியதைக் கண்டாலே காதுகளைப் பின்னுக்கு மடித்துக்கொள்ளும். நேர் பின்னால் இருப்பது அதன் பார்வையில் படாது என்பதால், சத்தமின்றிப் பின்னால் போகிறவரை உதைக்கும். தோள் பக்கமாக, குரல் கொடுத்துக்கொண்டு, மூச்சைச் சீராக விட்டபடி நெருங்குகிறவரிடம்தான் அது நிற்கும். பட்டினி கிடந்த குதிரைக்கு இரக்கப்பட்டுக் கொள்ளையும் தானியத்தையும் ஒரேயடியாகக் கொட்டினால் உயிருக்கே ஆபத்து. புல்லில் தொடங்கி, சிறுகச் சிறுகத்தான் தேற்ற வேண்டும். இத்தனை பொறுமையும் அவர் ராணுவத்தில் கற்றது. அதோடு, பயந்த விலங்கின் அருகில் நிற்க முதலில் தன் உடம்பின் பதற்றத்தை அவர் அடக்கியாக வேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் போர் அதிர்ச்சி முதலியவற்றால் மனநலம் பாதிக்கப்பட்ட 63 முன்னாள் படைவீரர்களை 8 வாரங்கள் குதிரைகளுடன் பழகவைத்து, 2021இல் முடிவை வெளியிட்டார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லாத சிறிய ஆய்வுதான். ஆனாலும் பாதிக்கும் மேற்பட்டோரிடம் அறிகுறிகள் நன்றாகக் குறைந்தன. உங்கள் வீட்டுக் கூடத்திலும் அதுதான் நடந்துகொண்டிருக்கிறது.

உதை பற்றிய கவலை நியாயம். டெட்டனஸ் ஊசி போட்டிருக்கிறாரா என்று பாருங்கள். உறுதியான ஷூ வாங்கிக் கொடுங்கள். தனியாக லாயத்துக்குள் போகாதபடி காப்பகத்தாரிடம் பேசுங்கள். குதிரை மருத்துவராகிவிடாது என்பதால், முன்னாள் படைவீரர்களுக்கான ஈ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டத்தின் மருத்துவமனை மூலம் மனநல மருத்துவரையும் பார்க்க வேண்டும். அவர் மறுத்தால், அரசின் மனநல ஆலோசனைத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணில் நீங்கள் முதலில் பேசி வழி கேளுங்கள்.

மாமனார் வீட்டுக் கேலியை நிறுத்த வேண்டியவர் நீங்கள்தான். பெற்றவரைப் பிறர் இளக்காரமாகப் பேசும்போது வாய்மூடி இருந்துவிட்டு, அந்தப் பேச்சை வீட்டுக்குச் சுமந்து வந்து அவர் தலையிலேயே இறக்குவது மகன் செய்கிற காரியமல்ல. அவர் ராணுவச் சம்பளத்தில்தான் உங்களை வளர்த்தார்.

அடுத்த முறை நீங்களும் உடன் போங்கள், தம்பி. அங்கே கார்கிலைப் பற்றி எதுவும் கேட்க வேண்டாம். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, எங்கே தொடங்கட்டும் என்று அவரைக் கேளுங்கள். அவர் சொல்கிறபடி செய்யுங்கள். அன்று அவர் பேசாவிட்டால் அடுத்த வாரமும் போங்கள்.