உப்புநீர் நீச்சல் குளத்தில் வெள்ளைச் செதில்: முதலில் பி.எச். அளவைக் குறையுங்கள்

வணக்கம். செல்லை (உப்புநீரிலிருந்து குளோரின் தயாரிக்கும் மின்தகட்டுக் கருவியை) கழுவிய சில வாரங்களிலேயே வெள்ளைச் செதில் வருகிறது, பி.எச். (நீரின் அமில-கார அளவு) 8.2, கால்சியம் கடினத்தன்மை (நீரில் கரைந்த கால்சியத்தின் அளவு) 480 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), போர் தண்ணீர்தான் விடுகிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். தண்ணீர் திரும்பி வரும் குழாய் வாயில் கிடக்கும் மெல்லிய துண்டு ஒன்றில் இரண்டு சொட்டு ஆசிட் (ஹைட்ரோகுளோரிக் அமிலம்) விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்புதான், சந்தேகமே வேண்டாம்.

செல் ஓடும்போது எதிர்மின் தகட்டை ஒட்டிய நீரில் பி.எச். குளத்தில் இருப்பதைவிட நன்றாக ஏறிவிடும். அதனால்தான் படிவு முதலில் அங்கே பிடிக்கிறது. ஆசிட் விட்டு 7.4 முதல் 7.6க்குள் வையுங்கள். மொத்தக் காரத்தன்மையையும் (அமிலத்தை ஈடுகட்டும் நீரின் திறன்) 60-80 பி.பி.எம்.முக்கு இறக்குங்கள், இல்லாவிட்டால் பி.எச். திரும்பத் திரும்ப ஏறும். நீரூற்று இருந்தால் குறைவாக ஓடவிடுங்கள், அதுவும் பி.எச்.சை ஏற்றும்.

அப்புறம் போர் தண்ணீர். வெயிலில் ஆவியாவது நீர் மட்டும்தான், சுண்ணாம்பு குளத்திலேயே தங்கும். கொஞ்சம் நீரை வெளியேற்றி மழைநீரோ ஆர்.ஓ. நீரோ விட்டு, கடினத்தன்மையை 300 பக்கம் கொண்டுவாருங்கள். பிளீச்சிங் பவுடர் போடவே போடாதீர்கள், அதிலும் கால்சியம் இருக்கிறது. திரவக் குளோரின் (சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல்) போதும்.

செல்லைக் கழுவும்போது தகட்டை ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினால் மேல்பூச்சு போய்விடும். ஐந்து பங்கு நீரில் ஒரு பங்கு ஆசிட்டை ஊற்றி (ஆசிட்டில் நீரை ஊற்றக் கூடாது), நுரை அடங்கும்வரை ஊறவைத்தால் போதும். அடிக்கடி செய்தால் இதுவும் பூச்சைத் தின்னும். நீர் மாற்றியபின் உப்பு அளவையும் பாருங்கள், குறைந்திருக்கும்.