பலூன் ஊதினால் உதடு வீங்கும் குழந்தை: ஆபரேஷனுக்கு முன் இதையெல்லாம் டாக்டரிடம் சொல்ல வேண்டுமா?

அவசியம் சொல்லுங்கள். ஆபரேஷன் அன்று காலையில் இல்லை, சில நாள் முன்னாலேயே, மயக்க மருந்து டாக்டரிடம் நேராகவே சொல்லிவிடுங்கள்.

மகனுக்கு ஸ்பைனா பைஃபிடா (முதுகெலும்பு சரியாக மூடாமல் பிறப்பது), முதுகிலும் தலையில் ஷன்ட்டுக்கும் (மூளையில் தேங்கும் நீரை வடிக்கும் குழாய்) ஏற்கெனவே ஆபரேஷன் ஆகிவிட்டது, அடுத்தது சிறுநீர்ப்பையில், பலூன் ஊதினால் உதடு வீங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நான் தியேட்டர் நர்ஸ். இவ்வளவையும் சேர்த்துக் கேட்டால் எங்களுக்கு முதலில் வரும் சந்தேகம் லேட்டக்ஸ் அலர்ஜிதான், அதாவது பலூன், கிளவுஸ் எல்லாம் செய்கிற இயற்கை ரப்பர் ஒத்துக்கொள்ளாமல் போவது.

ரப்பர் பாலில் இருக்கும் புரதங்கள்தான் இதற்குக் காரணம். தோலில் படுவதைவிட, வயிற்றுக்குள்ளும் சிறுநீர்ப் பாதையிலும் படும்போது அவை சுலபமாக உள்ளே ஏறும். ஸ்பைனா பைஃபிடா குழந்தைகளுக்குப் பிறந்த சில நாளிலேயே முதல் ஆபரேஷன், அப்புறம் ஷன்ட், சிறுநீர் எடுக்க டியூப் என்று ரப்பர் பட்டுக்கொண்டே இருக்கிறது. அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கும் எஃப்டிஏ 1991லேயே லேட்டக்ஸ் பற்றி மருத்துவமனைகளை எச்சரித்தது. (ஒரே ஒரு தடவை டான்சில் எடுத்த குழந்தையின் பெற்றோர் இதைப் படித்துப் பதற வேண்டாம்.)

மயக்கத்தில் இருக்கும் குழந்தை அரிக்கிறது, மூச்சு முட்டுகிறது என்று சொல்லாது. மேலே துணி போர்த்தியிருப்பதால் தடிப்பும் எங்கள் கண்ணில் படாது. பிரஷர் சட்டென்று இறங்குவதோ, நுரையீரலுக்குள் காற்று போக மறுப்பதோதான் பல நேரம் முதல் அடையாளம். ஊசி மருந்து அலர்ஜி பெரும்பாலும் போட்ட சில நிமிடங்களில் தெரிந்துவிடும். லேட்டக்ஸ் அலர்ஜியோ, ஆபரேஷன் தொடங்கி அரை மணி நேரம் கழித்துக்கூடத் தெரியலாம். அதற்கான அவசர மருந்து அட்ரினலின் கையில் தயாராக இருக்கும், சரி. ஆனால் அந்த நிலைக்கே போகாமல் பார்த்துக்கொள்ளலாமே.

முன்பே தெரிந்தால் லேட்டக்ஸ் இல்லாத கிளவுஸ், டியூப் எல்லாம் வரவழைத்து வைப்போம். அன்றைய முதல் கேஸாகப் போடச் சொல்லிக் கேளுங்கள். பவுடர் போட்ட லேட்டக்ஸ் கிளவுஸைக் கழற்றும்போது அந்தப் புரதம் பவுடரோடு காற்றில் பறக்கும். காலையில் தியேட்டர் காற்று சுத்தமாக இருக்கும். அமெரிக்காவில் பவுடர் கிளவுஸை 2017ல் தடை செய்துவிட்டார்கள். நம்மூரில் இன்னும் பார்க்கிறேன்.

வாழைப்பழம், கிவி, அவகாடோ சாப்பிட்டால் வாய் அரிக்குமா என்றும் கவனித்துச் சொல்லுங்கள். லேட்டக்ஸ் அலர்ஜி உள்ளவர்களில் சிலருக்கு அதுவும் இருக்கும். ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தாலும் பலூன் விஷயத்தை விட்டுவிடாதீர்கள். முன்கூட்டி அலர்ஜி ஊசி போட்டுவிட்டால் போதும் என்று யாராவது சொன்னால் அதை நம்பி இருக்க முடியாது. ரப்பர் படாமல் இருப்பதுதான் பாதுகாப்பு.

வீட்டுக்கு டியூபோடு அனுப்பினால் உறையைப் படித்துப் பாருங்கள். ‘சிலிக்கான் பூச்சு’ என்று போட்ட ஃபோலி கதீட்டர் (சிறுநீர்ப்பையிலேயே வைத்துவிடும் டியூப்) பெரும்பாலும் உள்ளுக்குள் லேட்டக்ஸ்தான். முழுக்க சிலிக்கானில் செய்தது என்று கேட்டு வாங்குங்கள், விலை கொஞ்சம் கூடுதலாக இருக்கும்.