கடுக்காயும் ரீஸ்லிங்கும்: வாசகர் கேள்வி பதில்

கே: போன இதழில் போகிற போக்கில் 'எனக்கு ஒயிட் ஒயின்தான் சரிப்படும்' என்று எழுதியிருந்தீர்கள். ஒயின் என்றாலே சிவப்பு என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறோம்? (கோவை வாசகர்)

ப: அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று தெரிந்திருந்தால் எழுதியே இருக்க மாட்டேன். சரி, சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் ட்ரியர் என்கிற ஊரில் நாலு வருடம் வேலை பார்த்தேன். மோசல் ஆற்றங்கரை. நின்றாலே கால் வழுக்குகிற செங்குத்துச் சரிவுகளில் திராட்சைத் தோட்டம் போட்டிருப்பார்கள். அங்கே ராஜா ரீஸ்லிங் என்கிற வெள்ளை ரகம். நாம் பள்ளிக்கூடத்தில் எழுதிய சிலேட்டு இருக்கிறதே, அந்தக் கல்தான் மண் முழுக்க. பகலில் வாங்கி வைத்த சூட்டை ராத்திரியில் கொடிக்குத் திருப்பிக் கொடுக்கும், அதனால்தான் அந்தக் குளிரிலும் பழம் பழுக்கிறது.

முதலில் நானும் ரெட்தான் வாங்கினேன், சினிமாவில் பார்த்த பழக்கம். மாற்றியது கானாங்கெளுத்திக் குழம்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை குழம்பு வைத்து, ஒரு கிளாஸ் ரெட்டை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தால், வாயில் துருப்பிடித்த ஆணியைப் போட்டுச் சப்பியது போல் இருந்தது. (ஒயினில் இருக்கும் இரும்பு மீனோடு சேர்ந்து செய்கிற வேலை அது என்று 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எழுதினார்கள். பெரும்பாலும் ரெட்டில்தான் இந்தத் தொல்லை.) பக்கத்து வீட்டு அம்மா 'இதைக் குடித்துப் பார்' என்று அரை பாட்டில் ரீஸ்லிங் கொடுத்தார், கபினெட் என்று லேபிளில் போட்டிருக்கும் வகை. கொஞ்சம் இனிப்பு, நல்ல புளிப்பு, ஆல்கஹால் எட்டு ஒன்பது சதவீதம்தான். மிளகாய்க் காரத்தை ஆல்கஹால் கிளறிவிடும், இனிப்பு அடக்கும். அன்றைக்குக் கட்சி மாறியவன், இன்னும் திரும்பவில்லை.

கே: வெளிநாட்டிலிருந்து வந்த மச்சான் ஒரு ரெட் பாட்டில் கொடுத்தார். விலை ஜாஸ்தியாம். கடுக்காய்க் கஷாயம் மாதிரி இருந்தது. கெட்டுப்போயிருக்குமா? (திருச்சி வாசகர்)

ப: கெட்டிருந்தால் காடி வாடை அடிக்கும், இல்லை என்றால் நனைந்த அட்டைப்பெட்டி வாடை. கடுக்காய் மாதிரி இருந்தது என்றால் ஒயின் நன்றாகத்தான் இருக்கிறது, நீங்களும் சரியாகத்தான் ருசித்திருக்கிறீர்கள். ரெட் ஒயினைத் தோல், விதையோடு சேர்த்துப் புளிக்க வைக்கிறார்கள். அவற்றிலிருந்து இறங்குகிற டேனின்தான் கடுக்காயிலும் பாக்கிலும் வாழைப்பூவிலும் இருப்பது, நம்முடைய அறுசுவையில் ஒன்றான துவர்ப்பு. எச்சிலில் உள்ள புரதத்தை அது பிடித்துக்கொள்வதால் நாக்கு வறண்டு இழுக்கும். டிகாஷனில் பால் விட்டால் துவர்ப்பு அடங்குகிறதல்லவா? அதே கணக்குதான், துவர்ப்புக்குப் பிடிக்க வேறு புரதம் கிடைத்துவிட்டது. அந்த பாட்டிலை வெறும் வாயில் குடிக்காமல், காரம் குறைத்து மட்டன் சுக்கா செய்து, அதோடு இன்னொரு தரம் பாருங்கள். அப்போதும் பிடிக்கவில்லை என்றால் மச்சானுக்கே ஊற்றிக் கொடுத்துவிடுங்கள்.

கே: கறுப்பு திராட்சையில் வெள்ளை ஒயின் வருமா?

ப: வரும். கம்பம் பன்னீர் திராட்சை ஒன்றைத் தோல் உரித்துப் பாருங்கள், உள்ளே சதை வெளிர்பச்சைதான். நிறமெல்லாம் தோலில். பிழிந்த உடனே தோலை எடுத்துவிட்டால் சாறு வெள்ளை. ஷாம்பெயினில் பாதிக்கு மேல் கறுப்பு திராட்சையில்தான் ஆரம்பிக்கிறது.

கே: ரெட்டை ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாதாமே, ரூம் டெம்பரேச்சரில்தான் குடிக்க வேண்டுமாமே?

ப: யாருடைய ரூம்? அந்த விதியை எழுதியவன் 17, 18 டிகிரி இருந்த ஐரோப்பிய வீட்டில் உட்கார்ந்து எழுதினான். நம் ஊர் மே மாதத்தில், 34 டிகிரி அறையில் ரெட்டைத் திறந்தால் ஆல்கஹால் நெடிதான் முதலில் மூக்கில் ஏறும், பழ வாசனை எல்லாம் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். ஃபிரிட்ஜில் அரை மணி நேரம் வையுங்கள், பாவமில்லை. ஒயிட்டை மட்டும் ஐஸ் மாதிரி ஆக்கிவிடாதீர்கள், அப்புறம் அதில் புளிப்பைத் தவிர ஒன்றும் தெரியாது.

கே: கண்ணை மூடிக் குடித்தால் இந்த நிபுணர்களுக்கு ரெட் எது, ஒயிட் எது என்று தெரியுமா?

ப: மூடியிருந்தால் ஒருவேளை தெரிந்திருக்கும், திறந்திருந்ததுதான் சிக்கல். 2001இல் வெளியான ஒரு ஆய்வு: பிரான்ஸில் போர்தோ பல்கலைக்கழகத்தில் ஒயின் படிக்கிற 54 மாணவர்களிடம் ஒயிட் ஒயினையே வாசனை இல்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். அவர்கள் பெரும்பாலும் ரெட்டுக்குச் சொல்கிற வாசனைகளையே எழுதிக் கொடுத்தார்கள். மூக்கைக் கண் முந்திக்கொள்கிறது. 1976இல் பாரிஸில் பிரெஞ்சு ஒயினுக்கும் கலிஃபோர்னியா ஒயினுக்கும் லேபிளை மறைத்து ஒரு போட்டி வைத்தார்கள், நடுவர்கள் ஒன்பது பேரும் பிரெஞ்சுக்காரர்கள், ரெட்டிலும் ஒயிட்டிலும் முதலிடம் வந்தவை இரண்டுமே கலிஃபோர்னியா சரக்கு. ஒரு நடுவர் தன் மதிப்பெண் தாளைத் திருப்பிக் கேட்டாராம்!

கே: ரெட் ஒயின் இதயத்துக்கு நல்லது என்கிறார்களே?

ப: பாதுகாப்பான அளவு என்று ஒன்றே கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொல்லிவிட்டது. குடிப்பவர் ருசிக்காகக் குடிக்கிறார், அவ்வளவுதான். இதயத்தை இழுக்க வேண்டாம்.

கே: அப்போது உங்களுக்குப் பிடித்த ரெட் ஒன்றுகூட இல்லையா?

ப: உண்டு. பிரான்ஸில் போஜொலே பகுதியில் கமே என்கிற திராட்சையில் செய்வது. மெல்லிசு, துவர்ப்பு கம்மி, குளிர வைத்துக் குடிக்கலாம். 1395இல் பர்கண்டி என்கிற பிரெஞ்சுப் பகுதியின் கோமகன் பிலிப், மட்டமான ரகம் என்று இந்தக் கொடியைப் பிடுங்கி எறியச் சொல்லி ஆணையே போட்டான். கானாங்கெளுத்திக்கு ஆகாது, கோழி வறுவலுக்கு ஆகும்.