கடல்பன்றிக்குக் காது வைத்தல் – கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

டால்பினுக்கு உறவான கடல்பன்றியின் ஒலியைப் பதிவுசெய்யும் கருவிகள் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். எங்கள் கரையில் எப்போதாவது ஒன்று வலையில் செத்து வரும். உயிரோடு பார்த்தவர்கள் குறைவு. கடலுக்குள் கருவியைத் தொங்கவிட்டு, ‘இங்கே இருக்கிறது, இங்கே இல்லை’ என்று சொல்லிவிட முடியுமா? அதை எப்படி நம்புவது?

– வாசகர், நீரோடி

அன்புள்ள தம்பி,

‘இருக்கிறது’ என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம். ‘இல்லை’ என்று சொல்லத்தான் இத்தனை சோதனையும்.

நம் கரையோரக் கடல்பன்றிக்கு முதுகுத்துடுப்பு கிடையாது. ஓங்கில் (டால்பின்) மாதிரித் துள்ளுவதும் இல்லை. சின்ன அலை எழுந்தாலே கண்ணுக்குத் தப்பிவிடும். ஆனால் ஒலியை அனுப்பி, எதிரொலியைக் கேட்டுத்தான் அது இரை தேடுகிறது. அந்தச் சொடுக்கொலி 120 கிலோஹெர்ட்ஸுக்கு மேல். நம் காது 20-ஐத் தாண்டாது. இரையை நெருங்க நெருங்கச் சொடுக்குகளின் இடைவெளி குறுகி ஒரே ரீங்காரமாகும். அது பதிவானால், விலங்கு அந்த வழியே போனது மட்டுமல்ல, அங்கே இரை தேடியதும் தெரியும். எனக்கு இதில் தீராத வியப்பு.

ஆனால் இவ்வளவு உயர்ந்த ஒலியைக் கடல்நீர் சீக்கிரம் விழுங்கிவிடும். கருவிக்குச் சில நூறு மீட்டர்தான் எட்டும். விலங்கும் டார்ச் அடிப்பதுபோல் முன்பக்கமாகத்தான் ஒலியை வீசும். முகம் திருப்பி நீந்தினால் பக்கத்தில் இருந்தும் பதியாமல் போகலாம். பார்களில் (கடலுக்குள் இருக்கும் பாறைத்திட்டுகளில்) சொடுக்கு இறால் ஓயாமல் வெடிக்கும் சத்தமும் 100 கிலோஹெர்ட்ஸைத் தாண்டிப் பரவும்.

அதனால் முதலில் தொட்டியில் செயற்கைச் சொடுக்குகளை ஒலிக்கவிட்டு ஒவ்வொரு கருவியின் செவித்திறனையும் அளக்கவேண்டும். ஒரே மாடலில் இரண்டு வாங்கினாலும் ஒன்றுபோல் கேட்கும் என்று நம்பக்கூடாது. பிறகு இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டிக் கடலில் இறக்கி ஒப்பிடவேண்டும். பால்டிக் கடலில் 2011 முதல் 2013 வரை 304 இடங்களில் கருவி வைத்துக் கேட்டார்கள். அங்கே மிஞ்சியிருக்கும் கடல்பன்றிகள் ஏறக்குறைய 500 என்ற கணக்கு அதிலிருந்துதான் வந்தது.

நம் தமிழ்நாடு–கேரள எல்லையில் வேறொரு தொல்லை. நீரோடியில் விசைப்படகுத் தடை ஜூன் 1-இல் தொடங்கும். பக்கத்தில் கேரளத்துப் பொழியூரில் சில நாள் கழித்து. இழுவலை வராத அந்த நாட்களில் கருவி அறுபடாது, ஆனால் அப்போதுதான் கடலடி, அதாவது கடல் கொந்தளிக்கும் காலம். நங்கூரம் தாங்குமா என்பதையும் சோதித்தாக வேண்டும்.

வலையில் மாட்டியவற்றின் இடம், ஆழம், மாதம் – உங்கள் வள்ளக்காரர்களிடம் கேட்டு எழுதி அனுப்புங்கள். முதல் கருவியை எங்கே இறக்கலாம் என்பதற்கு அதைவிட நல்ல வழிகாட்டி கிடையாது.